மாக்கோழியும் மண்ணுருவும்

சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் உரைபெறு கட்டுரை என்னும் ஒரு சிறு பகுதி உண்டு. பதிகத்தைப் படித்த வேகத்தில் பலரும் இதனைக் கடந்து சென்றுவிடுவர். கண்ணகிக்குப் பின்னாளில் யார் யார் எவ்வாறு வழிபாடு செய்தனர் என்பதைக் கூறுவது அது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோயும் வறுமையும் பெருகியபோது, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று களவேள்வி செய்தான். அதன்பின் மழை பெய்து துன்பம் நீங்கிற்று என்கிறது. அதனைக் கேள்வியுற்ற கொங்கிளங்கோசர், தங்கள் நாட்டிலும் அந்நங்கைக்கு விழா எடுத்துச் சாந்தி செய்தனர். அங்கும் மழை மாறாது பெய்தது என்பது அடுத்த செய்தி.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். பாண்டியன் செய்ததில் கொலை இருக்கிறது. கொங்கர் செய்ததாகக் கூறும் இடத்தில் விழாவும் சாந்தியும் இருக்கின்றன; கொலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சொல்லாததனாலேயே நிகழவில்லை என்று முடிவு கட்டுவது ஆய்வு நெறி ஆகாதுதான். உரைபெறு கட்டுரை பிற்சேர்க்கை என்பாரும் உளர். ஆயினும் கிடைத்த பயன் இரு நாட்டுக்கும் ஒன்றே. கொலையின்றியும் மழை பெய்யுமாயின் கொலை எதற்கு என்னும் வினா, எழுதியவர் கருதினாரோ இல்லையோ, படிப்பவர் உள்ளத்தில் எழவே செய்கிறது. இளங்கோவடிகளை ஜைனத் துறவியாகக் கொள்ளும் மரபையும், கவுந்தியடிகளைப் படைத்த கைகளையும் நினைக்கும் நமக்கு இவ்வினா அயலானது அன்று.

கதை, தான் பிறந்த சமுதாயத்தின் சடங்குகளைக் காட்டும். சடங்கு, கதையை ஆண்டுதோறும் உயிர்ப்பிக்கும். சில வேளைகளில் கதை, சடங்கையே திருத்தவும் முயலும். இம்மூன்றும் கொங்கு நாட்டில் தெளிவாகக் காணக் கிடைக்கின்றன. உயிர்ப்பலியைக் குறித்து நம் முன்னோர் தமிழில் எழுதிய இரு கதைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவன போலத் தோன்றுவதை முன்வைத்து, அவை நம் காலத்து இல்லங்களுக்கும் கடைகளுக்கும் கூறுவது யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கதை இலக்கியத்தில் கொங்கு நாட்டு ஜைனர்க்கு உள்ள பங்கு சிறிதன்று. ஈரோடு மாவட்டத்து விசயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் இன்றும் நிற்கிறது. பெருங்கதை இயற்றிய கொங்குவேளிர் அவ்வூரினர் என்பது மரபு. முதலும் இறுதியும் சிதைந்து கிடைத்த அந்நூலை உ.வே. சாமிநாதையர் 1924-ஆம் ஆண்டில் பதிப்பித்தார். அதன் உஞ்சைக் காண்டத்தில் உச்சயினி நகரத்து நீராட்டு விழா விரிவாக வருகிறது. நகரமே நீர்த்துறைக்குச் சென்றிருக்கும் அந்த நாளில்தான் உதயணன் வாசவதத்தையைப் பிடியின் மேல் ஏற்றிக்கொண்டு தப்புகிறான். விழா நாளில் ஊர்க்காவல் தளரும், பெருங்கூட்டத்தில் ஒருவரை ஒருவர் அறியார் என்னும் வாழ்க்கை உண்மை அங்குக் கதையின் முடிச்சாகிறது. சடங்கைக் காட்டுவதில் பெருங்கதை வல்லது. சடங்கைத் திருத்துவது அதன் நோக்கம் அன்று. அந்நோக்கம் உடைய நூல்களை ஐஞ்சிறுகாப்பியங்களுள் தேட வேண்டும்.

நீலகேசி கூறும் வழி

அவற்றுள் ஒன்று நீலகேசி. வாதநூல் என்றே இதனைப் பலர் அறிவர். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936-இல் சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு இதனைப் பதிப்பித்தார். குண்டலகேசி வாதம், மொக்கல வாதம் எனத் தொடரும் பெரிய விவாதங்களின் புகழில், நூல் தொடங்கும் இடம் மறைந்துவிடுகிறது. அது தொடங்குவது ஒரு பலிச் சடங்கில்.

பாஞ்சால நாட்டில் சுடுகாட்டை ஒட்டி ஒரு காளி கோயில். அங்கு முனிச்சந்திரர் என்னும் முனிவர் தவம் புரிந்திருக்கிறார். அரசிக்குக் குழந்தை பிறந்த மகிழ்ச்சியில், வேண்டுதலை நிறைவேற்ற விலங்குகளைப் பலியிடக் கொண்டு வருகின்றனர். முனிவர் அவர்களை வையவில்லை. காளி என்று ஒருத்தி இல்லை என்று வாதிடவும் இல்லை. மண்ணால் உருவம் செய்து வைத்தாலே உங்கள் வேண்டுதல் நிறைவேறும் என்று அறிவுறுத்துகிறார். மக்களும் அவ்வாறே இசைந்து உயிர்களை ஓட்டிக்கொண்டு திரும்புகின்றனர். பலி இழந்த காளி சினந்து, முனிவரை விரட்டுவதற்குத் தென்னாட்டுத் தெய்வமாகிய நீலகேசியை வேண்டுகிறாள். அச்சுறுத்த வந்த நீலகேசியோ முனிவரிடம் அறம் கேட்டு மாணவியாகிறாள். பின்னர் நாடெங்கும் சென்று வாதம் புரிபவள் அவளே.

இதில் நாம் வியப்பது ஒன்று உண்டு. இக்கதை தெய்வத்தை மக்களிடமிருந்து பறிக்கவில்லை. தெய்வத்தையே அறத்தின் பக்கம் சேர்த்துவிடுகிறது. குலதெய்வத்தைக் கைவிடச் சொன்னால் எந்த ஊரும் கேளாது. குலதெய்வமே இனி இரத்தம் வேண்டாள் என்றால் கேட்பவர் சிலராவது இருப்பர். சமுதாயத்தை நன்கு அறிந்த ஒருவரே இவ்வாறு ஒரு கதையை அமைத்திருக்க இயலும்.

மண்ணுருவைப் படைக்கும் வழக்கம் கொங்கு நாட்டிற்குப் புதிதன்று. உடுமலைப்பேட்டை வட்டாரத்துச் சோமவாரப்பட்டியில் ஆல்கொண்டமால் கோயில் இருக்கிறது. பொங்கலை ஒட்டிய திருவிழாவில் உழவர்கள் தங்கள் மாடு கன்றுகளின் நலம் வேண்டி மண்ணால் செய்த மாட்டு உருவங்களைக் கொண்டுவந்து வைக்கின்றனர். இவற்றை உருவாரம் என்பர். நீலகேசியின் தாக்கத்தால்தான் இது வந்தது என்று சொல்ல நாம் துணியவில்லை. சுடுமண் உருவங்களைப் படைப்பது மிகப் பழைய வழக்கம். ஆனால் முனிச்சந்திரர் அயலான ஒரு சடங்கை மக்கள் மேல் சுமத்தவில்லை என்பதும், அவர்கள் கைக்குப் பழகிய ஒன்றையே எடுத்துக் கொலைக்கு மாற்றாக வைத்தார் என்பதும் இதனால் விளங்கும்.

யசோதரன் வெட்டிய கோழி

இனி மற்றொரு சிறுகாப்பியமாகிய யசோதர காவியத்திற்கு வருவோம். இதன் கதை கி.பி. 959-இல் சோமதேவசூரி வடமொழியில் இயற்றிய யசஸ்திலக சம்புவிலும், 1209-இல் ஜன்னர் கன்னடத்தில் இயற்றிய யசோதர சரிதையிலும் சொல்லப்படுவது. ஜைன உலகம் முழுதும் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது. ஒரே கதையை இத்தனை மொழிகளில் இத்தனை ஆசிரியர் எழுதினர் எனில், அதற்குரிய நோய் எங்கும் பரவியிருந்தது என்பது பொருள்.

உச்சயினி மன்னன் யசோதரன் தன் மனைவியின் ஒழுக்கக் கேட்டைக் கண்டு உள்ளம் உடைகிறான். உண்மையைத் தாயிடம் கூற நாணித் தீய கனவொன்று கண்டதாகச் சொல்கிறான். கனவின் தீமை நீங்கத் தேவிக்கு உயிர்ப்பலி கொடு என்கிறாள் தாய் சந்திரமதி. உயிரைக் கொல்லேன் என்று அவன் மறுக்கிறான். தாய் வற்புறுத்துகிறாள், இறுதியில், உயிருள்ள கோழி வேண்டாம், மாவினால் ஒரு கோழி செய்து அதையாவது வெட்டு என்று இறங்கி வருகிறாள். தாயின் மனம் நோகக் கூடாது என்று அவன் உடன்படுகிறான். மாக்கோழி உயிருள்ளது போலவே அழகாகச் செய்யப்படுகிறது. அவன் வாளால் வெட்டியபோது அதன் தலை துள்ளி விழுந்து கூவுகிறது.

பின்னர் நிகழ்ந்தவை நம்மவர் அறிந்தவையே. மனைவி இட்ட நஞ்சினால் தாயும் மகனும் இறக்கின்றனர். மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகள் எடுத்து ஒருவரால் ஒருவரும் பிறராலும் கொல்லப்படுகின்றனர். இடையில் வரும் ஒரு செய்தி எண்ணுந்தோறும் நடுக்கம் தருவது. தந்தைக்கு நற்கதி வேண்டி மகன் யசோமதி சடங்கு செய்கிறான். அச்சடங்கிற்காகச் சமைக்கப்படும் உயிரோ அத்தந்தையாகவே இருக்கிறது. சடங்கின் நோக்கமும் செயலும் எவ்வளவு தூரம் விலகிச் செல்லக்கூடும் என்பதை இதனினும் கூர்மையாகச் சொன்ன கதையை நாம் கண்டதில்லை.

இங்கேதான் முரண் எழுகிறது. நீலகேசியில் உயிருக்கு மாற்றாக மண்ணுருவை வைப்பது அறமாகிறது. யசோதர காவியத்தில் உயிருக்கு மாற்றாக மாவுருவை வைப்பது பல பிறவித் துன்பத்திற்கு வித்தாகிறது. இரண்டும் ஜைன நூல்கள். இரண்டும் பலியை எதிர்ப்பவை. ஓர் உயிரும் சாகாத ஒரு செயலுக்கு இத்தனை தண்டனை முறையா என்று பாடசாலையில் சிறுவர் கேட்டால் ஆசிரியர் என்ன விடை கூறுவார்?

முதற்பார்வைக்கு வேறுபாடு கத்தியில் இருப்பதாகத் தோன்றும். மண்ணுருவம் வைக்கப்பட்டது, மாக்கோழி வெட்டப்பட்டது. இது மெய்யே, ஆயினும் போதாது. யசோதரனும் தாயும் மாவைக் கோழியாக எண்ணினர். தேவி அதைக் கோழியாக ஏற்கவேண்டும் என்று விரும்பினர். கோழி செத்தால் என்ன பயன் கிட்டுமோ அப்பயனை நாடினர். கையில் இருந்தது மாவு. கருத்தில் இருந்தது உயிர். நம் ஆகமங்கள் கூறும் திரவிய ஹிம்சை அங்கு நிகழவில்லை. பாவ ஹிம்சை முழுமையாக நிகழ்ந்தது. ராகம் முதலியன உள்ளத்தில் எழுதலே ஹிம்சை என்று அமிர்தசந்திராசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் விளக்குவதற்கு யசோதரனைவிடச் சிறந்த சான்று கிடைப்பதரிது.

வெறும் பாவனைக்கு இவ்வளவு வலிமை உண்டா என்று ஐயுறுவோர் கொங்கு நாட்டுப் படுகளத்தை ஒருமுறை காண்பது நன்று. பொன்னர் சங்கர் என்னும் அண்ணன்மார் கதையை இந்நாட்டில் உடுக்கடித்துப் பல இரவுகள் பாடுவர். கனடா நாட்டு ஆய்வாளர் பிரெண்டா பெக் 1960-களில் காங்கயம் பகுதியில் இதனை ஒலிப்பதிவு செய்தார். அவரது பதிப்பு 1992-இல் வெளிவந்தது. மு. கருணாநிதி இக்கதையை நாவலாக எழுதினார். அண்ணன்மார் மடியும் இடம் வரும்போது, கேட்டிருப்போருள் சிலர் தாமே களத்தில் வீழ்ந்தவர் போல உணர்வற்றுச் சாய்கின்றனர். தங்கை தங்காள் தண்ணீர் தெளித்து எழுப்பிய நிகழ்ச்சியை நினைந்து நீர் தெளித்து அவர்களை எழுப்புவர். அங்கு வாளும் இல்லை, அம்பும் இல்லை. பாட்டும் உடுக்கை ஒலியுமே உள்ளன. கதை, கேட்பவன் உடலையே கீழே தள்ளுகிறது. நடிப்புதானே என்று அதனை ஒதுக்க இயலாது.

கதையை வெறும் கதை என்று கொங்கு நாட்டார் எக்காலத்தும் கருதியதில்லை போலும். திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவைச் சார்ந்த ஒரு பழைய வழக்கத்தைக் களமாகக் கொண்டு 2010-இல் வெளிவந்த பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவலுக்கு 2014 டிசம்பரில் அவ்வூரிலேயே பெரும் எதிர்ப்பு எழுந்ததும், வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று 2016 ஜூலையில் தீர்ப்பு வந்ததும் அனைவரும் அறிந்ததே. அவ்வழக்கின் நியாயங்களுள் நாம் புகவில்லை. சடங்கைப் பற்றிய ஒரு கதை, ஓர் ஊர் தன்னைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணத்தையே தொட்டுவிடுகிறது என்பதற்கு மட்டும் அதனைக் குறிப்பிட்டோம்.

யசோதர காவியத்தில் நமக்கு மிக முக்கியமாகத் தோன்றும் இடம் கோழியின் கூவல் அன்று. அதற்குச் சற்று முன்னுள்ள இடம். யசோதரனுக்கு அச்சடங்கில் நம்பிக்கை இல்லை. தீமை என்பதையும் அறிந்திருக்கிறான். ஆயினும் தாயின் பொருட்டு உடன்படுகிறான். சடங்குகள் தலைமுறைகளைக் கடந்து வாழ்வது பெரும்பாலும் இவ்வாறுதான். நம்புகிறவர் பத்துப் பேராயின், உறவின் பொருட்டு மறுக்க மாட்டாதவர் நூறு பேர் இருப்பர்.

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் குலதெய்வக் கோயில்களில் கிடாய் வெட்டு நடைபெறும் முறையைப் பார்த்தால் இது புலனாகும். குழந்தைக்கு முடியெடுத்துக் காது குத்தும் நாள் குறித்தவுடன், தாய்மாமன் வருகை, பங்காளிகளுக்கு அழைப்பு, விருந்து என அனைத்தும் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. புலால் உண்ணாதவரும் தலைக்கட்டு வரியில் தம் பங்கைக் கொடுத்துவிடுவர். கொடுக்காவிடில் கொலை நிற்காது. உறவுதான் நிற்கும் என்பது அவர் கணக்கு. சந்திரமதி தன் மகனுக்குக் கற்பித்ததும் ஏறத்தாழ இக்கணக்கே.

இருந்தும், அச்சடங்கின் உள்ளேயே ஒரு தயக்கம் புதைந்து கிடக்கிறது. கிடாயின் மேல் மஞ்சள் நீரைத் தெளித்து, அது உடலைச் சிலிர்த்து உதறும் வரை காத்து நிற்பர். சிலிர்த்தால் தெய்வம் ஏற்றுக்கொண்டது, கிடாயும் இசைந்தது என்று கொள்வர். சிலிர்க்காவிடில் மீண்டும் நீர் தெளிப்பர்; வேண்டுவர்; குறை யாதென ஆராய்வர். கொல்லப்படும் உயிரின் இசைவைப் பெறாமல் கத்தியை எடுக்கலாகாது என்று ஒரு சமுதாயம் ஏன் நினைத்தது? உயிரை எடுப்பது சிறு செயலன்று என்று அதன் உள்மனம் அறிந்திருந்ததனால் அன்றோ? நீரின் குளிர்ச்சிக்கு எந்த விலங்கும் உடலை உதறும் என்பதை ஆடு வளர்ப்போர் அறியாதவரும் அல்லர். முனிச்சந்திரர் பேசியது இந்த உள்மனத்தோடுதான் என்று நாம் கருதுகிறோம்.

சட்டம் பேசியது வேறு வகையில். கோயில்களில் விலங்கு, பறவைகளைப் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் நம் மாநிலத்தில் 1950-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்த அதனை 2003 ஆகஸ்டில் அரசு கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முனைந்தது. எதிர்ப்பு வலுத்தது, 2004 பிப்ரவரியில் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. சட்டம் வந்ததில் மகிழ்ந்தவருள் ஜைனரும் இருந்திருப்பர், அது இயல்பு. ஆனால் தடையினால் தம் தெய்வத்தைப் பிறர் பறிப்பதாக ஊரார் உணர்ந்தனர். நீலகேசி ஆசிரியர் தவிர்த்த தவறு அதுவே.

இதுவரை பிறர் சடங்குகளைப் பேசினோம். நம் சடங்குகளிலும் மாற்றுப்பொருள்கள் உண்டு. திகம்பரருள் தேராபந்த மரபினர் பூசையில் மலருக்கு மாற்றாகக் குங்குமப்பூ நிறமூட்டிய அரிசியையும், விளக்கிற்கு மாற்றாக நிறமூட்டிய தேங்காய்த் துண்டையும் படைப்பர். மலரைப் பறித்தலிலும் சுடரை ஏற்றுதலிலும் சிற்றுயிர்க்கு நேரும் துன்பத்தைத் தவிர்ப்பதே நோக்கம். இங்கு அரிசி மலராக எண்ணப்படுகிறது. ஆனால் மலரின் அழிவு எண்ணப்படவில்லை. அர்ப்பணம் மட்டுமே எண்ணப்படுகிறது. நீலகேசியின் மண்ணுரு இவ்வகையைச் சார்ந்தது. மாற்றுப்பொருள் எதற்கு மாற்றாக நிற்கிறது, கொடுத்தலுக்கா, கொல்லுதலுக்கா என்று கேட்டால், இரு காப்பியங்களுக்கும் இடையே உள்ளதாகத் தோன்றிய முரண் அகன்றுவிடும்.

இல்லங்களில் இவ்வேறுபாடு மிக எளிய இடங்களில் தோன்றுகிறது. விலங்கு வடிவில் செய்த மிட்டாயையும் பிஸ்கட்டையும் பிள்ளைகளுக்குத் தரலாகாது என்று நம் பெரியோர் கண்டிப்பர். முயல் வடிவக் கேக்கைப் பிறந்தநாளில் கத்தியால் அறுத்து, தலை எனக்கு, கால் உனக்கு என்று பிள்ளைகள் பங்கிடும்போது, சர்க்கரையும் மைதாவும்தானே என்று நகைப்போர் நகைக்கட்டும், மாக்கோழியும் மாவுதான்.

கோயம்புத்தூரில் இவ்வினா வேறொரு வடிவில் ஆண்டுக்கொருமுறை நம் வாயிலுக்கே வருகிறது. பம்பு செட்டுப் பட்டறைகளும் வார்ப்பாலைகளும் பஞ்சாலைகளும் நிறைந்த இந்நகரில் ஆயுத பூசை பெருவிழா. இயந்திரங்களுக்குப் பூசை முடிந்தபின், வெள்ளைப் பூசணிக்காயைத் துளைத்துக் குங்குமத்தையும் சில்லறைக் காசையும் இட்டு, கற்பூரம் ஏற்றிச் சுற்றி, வாயிலில் ஓங்கி உடைப்பர். எலுமிச்சையை அறுத்துக் குங்குமம் தடவுவர். வண்டிச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்குவர். குசராத்திலிருந்தும் மார்வாடிலிருந்தும் வந்து இங்கு நிலைத்த ஜைன வணிகர் கடைகளிலும், ஊழியர் விருப்பத்திற்கிணங்கி இது நடைபெறுவதுண்டு. கண்ணேறு கழிப்பதே நோக்கம் என்பர் சிலர். உயிர்ப்பலிக்கு மாற்றாக வந்தது என்பர் சிலர். கூஷ்மாண்டம் என்று வடமொழியில் பூசணிக்குப் பெயர். நம் தருமதேவியைக் கூஷ்மாண்டினி என்றும் வழங்குகிறோம். அந்தப் பெயருடைய காயை இரத்த நிறம் பூசி உடைப்பது காணச் சற்று வருத்தம் தருவதே. மறுநாள் சாலையில் சிதறிய துண்டுகளில் வழுக்கி விழும் இருசக்கர வண்டிகளின் துன்பம் வேறு.

குங்குமம் எதற்காக என்பதே கேட்கவேண்டிய வினா. உடைக்கும்போது உள்ளே சிவப்பு தெறிக்க வேண்டும் என்று ஒருவர் விரும்பினால், அவர் கருத்தில் காய் காயாக இல்லை. மங்கலத்திற்காக மேலே ஒரு பொட்டு இடுபவர் கருத்து வேறு. வெளியிலிருந்து இதனை அளக்க எவராலும் இயலாது, அவரவரே அறிவர். ஊழியர் மனம் நோகக் கூடாது என்று முதலாளி இணங்கும் இடம், தாயின் மனம் நோகக் கூடாது என்று யசோதரன் இணங்கிய இடத்திற்கு மிக அருகில் இருக்கிறது என்பதை மட்டும் நாம் சுட்டலாம். பூசணியை உடையாமல் முழுதாகப் படைத்து, மறுநாள் பட்டறை ஊழியர்க்குச் சமைத்துப் பரிமாறினால் ஊழியரும் வருந்த மாட்டார், வாயிலும் வழுக்காது.

சமையலறையிலும் அக்காயைக் கத்தியால்தானே அறுக்கிறோம் என்று ஒருவர் கேட்கக்கூடும். இல்லறத்தார்க்கு ஹிம்சையை நான்காகப் பகுத்த நம் ஆசாரியர் அதனை ஆரம்ப ஹிம்சையில் அடக்கினர். உணவு ஆக்குதல் முதலிய வாழ்க்கைத் தேவைகளில் நேர்வதாகிய அதனைக் குறைக்கச் சொன்னார்களேயன்றி இல்லறத்தார் முற்றும் விடமுடியும் என்று கூறவில்லை. முற்றும் விடவேண்டுவது என அவர்கள் வரையறுத்தது, கொல்லவேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப ஹிம்சையை. பூசணிக்காய் இரண்டிடத்திலும் ஒன்றே. யசோதரன் அரண்மனையின் சமையலறையிலும் அன்று அதே மாவு இருந்திருக்கும்.